திருப்பித் தந்த குடுவை

மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகல் இரண்டு மணிக்கு, பைசந்தூ நகர ஓய்வூதியர் மன்றத்தின் எழுத்தர் நெல்சன், குடையை உதறியபடி சுல்மாவின் வீட்டுக்குள் வந்தான். அவள் கணவர் வில்மார் இறந்து இருபத்தாறு நாள்கள் ஆகியிருந்தன. மன்றம் அவருக்கு இரவலாகத் தந்த கணினியை ஒரு மாதத்துக்குள் மீட்டு, உள்ளே உள்ளவற்றை அழித்துவிட வேண்டும் என்பது விதி. இறந்தவரின் சொல்லை அழிக்க நாள் குறிக்கும் விதியை எழுதியவரின் வீட்டில் எவரும் இறந்ததில்லை போலும்.

சுல்மா சுரைக்குடுவையில் மாத்தே என்னும் கசப்பு இலையிட்டு, வெந்நீர் ஊற்றி, உறிஞ்சுகுழல் செருகிக் கொடுத்தாள். உறிஞ்சியவன், "நன்றி, டோன்யா சுல்மா" என்று மரியாதையாக விளித்துத் திருப்பித் தந்தான். அந்த ஊர் வழக்கில், குடுவையைத் திருப்பித் தருகையில் நன்றி சொன்னால் 'போதும்' என்று பொருள். அதற்குமேல் எவரும் ஊற்றுவதில்லை. அவளும் ஊற்றவில்லை.

"தொண்டை ஆபரேஷனுக்கு முன்னாடி எனக்காகப் பேசி இதுக்குள்ள வச்சிருக்கார், நெல்சன். குரல் போனப்புறம் காகிதத்துல எழுதிக் காட்டினார். எனக்குத் தேடத் தெரியாது."

"நாப்பது வருஷம் அவர் சட்டைப் பையைத் தேடினவங்களுக்கு இது பெரிசா?" என்று சிரித்தவன், அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான். "அஞ்சு மணிக்கு வர்றேன். கண்டுபிடிச்சு வைங்க, அதை மட்டும் தனியா எடுத்துத் தர்றேன்."

வில்மார் கற்றுத்தர அழைத்தபோதெல்லாம், "உன் பெட்டி உனக்கு, என் அடுப்பு எனக்கு" என்று தட்டிக்கழித்தவள் அவள். அதனால்தான் அவர் மேல்வரிசை விசையொன்றின்மீது நீல நாடா ஒட்டியிருந்தார். "நான் இல்லாதப்ப இதை அமுக்கு, கிழவி. உதவி வரும்."

அமுக்கினாள். உதவிப் பக்கம் திறந்தது. ஒற்றை விரலால், 'என் கணவர் குரல் எங்கே' என்று தட்டினாள். ஒலி அளவைக் கூட்டுவது எப்படி, ஒலிபெருக்கி இயங்காவிட்டால் செய்ய வேண்டியது என்ன என விடைகள் வந்தன. கேட்டவர் யார், கேட்டது எதற்கு என்று அறியாத விடைகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே கேள்வி: இது உதவியதா?

இல்லை. இல்லை. இல்லை.

தகரக் கூரைமேல் மழை வலுத்தது, அறை இருண்டது. கைப்பழக்கத்தால் ஒரு குடுவை ஊற்றி, வலப்பக்கத்தில் வில்மாரின் வெற்று நாற்காலியின்முன் வைத்தாள். வைத்த பின்னரே அவர் இல்லை என்பது நெஞ்சில் உறைத்தது.

பக்கத்தில், குழல் அடிவரை உறிஞ்சப்படும் கொரகொரப்பு.

குடுவை வற்றியிருந்தது.

ஆரஞ்சுத் தோலின் மணம் எழுந்தது. அந்த வீட்டில் மாத்தேயில் ஆரஞ்சுத் தோல் போடுபவர் ஒருவரே.

திரையில் விடைகள் மறைந்து ஒரு வரி மட்டும் நின்றது: 'பதறாதே, கிழவி. திரையில இடது பக்கம் மஞ்சள் உறை.'

மறுபடி ஊற்றி வைத்தாள். மறுபடி கொரகொரப்பு. 'உள்ளே பன்னிரண்டு பதிவு இருக்கு. முதலாவதைத் திற.'

திறந்தாள். ஓர் இருமல், பிறகு அவர் குரல்.

"முதல் பாடம், கிழவி. எதை அமுக்கினாலும் உடையாது. நீ கத்தின நாளெல்லாம் நான் உடைஞ்சேனா? தினம் ஒண்ணு கேளு. அவசரமில்ல."

அவள் விம்மினாள். அடியில் அதே கேள்வி நின்றது: இது உதவியதா?

நெஞ்சு நிறைந்து, 'நன்றி' என்று தட்டினாள்.

மஞ்சள் உறை மறைந்தது. மணம் அவிந்தது. அவள் அவசரமாக மூன்றாவதாக ஊற்றி வைத்த குடுவை, தொடுவாரின்றி ஆறியது.

தான் சொல்லிவிட்டது என்னவென்று அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று. 'போதாது' என்று தட்டினாள். 'போதாது, வில்மார்.'

ஒலி அளவைக் கூட்டுவது எப்படி என்று திரை விளக்கியது.

ஆறிய குடுவையைக் கழுவி மேசைமேல் கவிழ்த்துவிட்டு, நெல்சனுக்காகக் காத்திருந்தாள். ஐந்து மணிக்கு வந்தவன் நெடுநேரம் தேடினான்.

"மஞ்சள் உறைனு எதுவுமே இதுல இல்லையே, டோன்யா." குரலைத் தாழ்த்தினான். "இருந்த தடயமும் இல்ல."

கணினியைத் துணியில் சுற்றி எடுத்துச் சென்றான். கதவை அடைத்துவிட்டு அவள் மேசைக்குத் திரும்பினாள்.

கவிழ்த்த குடுவை நிமிர்ந்திருந்தது.

நுரை கட்டி, ஆவி பறக்க, ஆரஞ்சுத் தோலுடன். குழலின் வாய் அவள் நாற்காலிப் பக்கம் திரும்பியிருந்தது.

உட்கார்ந்து அடிவரை உறிஞ்சினாள். வெற்று நாற்காலியின்முன் அதை நகர்த்தி வைத்தாள்.

நாவுக்கு வந்த அந்தச் சொல் வெளியேறாதபடி உதடுகளை இறுக மூடிக்கொண்டாள்.