கொக் நிறக் குதிரை

சாய்கலின் அப்பா எர்மெக், காணாமல் போன குதிரையைத் தேடி இரண்டு முறை நகரத்துப் பட்டிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தார். மூன்றாவது முறை சாய்கலும் கூடவே கிளம்பினாள். அவளுக்குப் பத்து வயது. அந்தக் குதிரை குட்டியாக இருந்தபோதிலிருந்து அவள்தான் தீனி வைத்தாள்.

வழிதவறிய கால்நடைகளை அடைத்து வைக்கும் பட்டி அது. எழுத்தர் தாலாய் தலைநகரில் ரஷ்ய மொழியிலேயே படித்து வளர்ந்தவர். அப்பா எழுதிக் கொடுத்த சீட்டில் குதிரையின் நிறம் அவர்கள் தாய்மொழியில் 'கொக்' என்றிருந்தது.

"எத்தனை தடவைதான் சொல்றது அண்ணே? கொக்னா நீலம். நீலக் குதிரைக்கு நான் எங்க போவேன்?" என்று தாலாய் சிரித்தார்.

அப்பா தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றார். சாய்கலுக்கு முகம் சுட்டது. மேசைமேல் இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள்.

"நீங்க குடிக்கிறது என்ன டீ, மாமா?"

"கொக் டீ."

"அது நீலமாவா இருக்கு?"

தாலாய் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். வெளிறிய பச்சையாக இருந்தது.

வானமும் கொக், முளைத்த புல்லும் கொக், சாம்பல் நிறக் குதிரையும் கொக்தான் என்றாள் சாய்கல். அந்தச் சொல்லுக்கு ஆதியில் வானம் என்றே பொருளாம், வானத்துக்கு ஒரே நிறமா இருக்கிறது என்று பள்ளியில் ஆசிரியை கேட்டதையும் சொன்னாள்.

தாலாய் பதிவேட்டைப் புரட்டினார். சாம்பல் நிறம். இடது காதில் வெட்டு.

"அது எங்க அடையாளம்தான்," என்றார் அப்பா.

தாலாயின் குரல் இறங்கியது. "கேட்டு யாரும் வரலைன்னு முந்தாநாள் ஏலம் விட்டுட்டோம். கறிக்கடைக்காரர் எடுத்துட்டுப் போய் நேத்தே அறுத்துட்டார்."

அப்பா அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். தாலாய் நீட்டிய தேநீரைச் சாய்கல் தொடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை மட்டும் கேட்டு வாங்கினாள்.

வெளிக்கதவில், பட்டியில் இருக்கும் கால்நடைகளின் பட்டியல் ரஷ்ய மொழியில் ஒட்டியிருந்தது. 'சாம்பல்' என்றிருந்த இடத்திலெல்லாம் பக்கத்தில் 'கொக்' என்று எழுதினாள். காற்றில் தாள் படபடத்தது. தாலாய் வந்து அதைப் பிடித்துக்கொண்டார்.

வாசலில் காத்திருந்த ஒரு பெண் குனிந்து வாசித்தாள். பிறகு பட்டிக்குள் ஓடினாள். சற்று நேரத்தில் தன் சாம்பல் நிறக் குதிரையின் பிடரியைப் பற்றியபடி திரும்பி வந்தாள்.

"இன்னைக்கும் இல்லைன்னுதான் சொல்லுவாங்கன்னு கயிறே எடுத்துட்டு வரல," என்றாள்.

அப்பா தன் தோளில் கிடந்த கயிற்றை எடுத்துச் சாய்கலைப் பார்த்தார். அவள் அதை வாங்கி, அந்தக் குதிரையின் கழுத்தில் தானே மாட்டிவிட்டாள்.