வலிக்காத கை

செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டாம் தேதி.

இன்று ஒரு தவறு செய்தேன். மாஸ்டர் சொன்னது இருபது தட்டு. நான் எண்ணிக்கையை விட்டுவிட்டு இருபத்தொன்று தட்டிவிட்டேன். எதிரில் நின்ற ‘பாறை’யின் முகம் மாறவே இல்லை. அவனுக்கு வலித்ததா, இல்லையா என்று தெரியவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள் அவள். மாலைக் கராத்தே வகுப்பில் அவளுக்கு ‘நோட்டு’ என்று பெயர். தும்மினால்கூட எழுதிவைப்பாள் என்று கேலி. எழுதாவிட்டால் அவளுக்கு நிம்மதி இருக்காது. எழுதிய பிறகும் சந்தேகம் போகாது.

அந்த வகுப்பில் ஒரு பயிற்சி உண்டு. இருவர் எதிரெதிரே நின்று ஒருவர் முன்கையை மற்றவர் முன்கையால் மெல்லத் தட்ட வேண்டும். அடி பட்டாலும் பதறாமல் நிற்கப் பழகுவதற்காக. வலித்தால் தன் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். எதிரில் இருப்பவர் நிறுத்திவிட வேண்டும்.

முதல் வாரம் ஒரு பையன் அப்படித் தட்டினான். மறுநாளே மற்றவர்கள் அவனுக்கு ‘பஞ்சு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒருவர் கையும் தொடைப் பக்கம் போகவில்லை. ஒருமுறைகூட முகம் சுளிக்காத பையனுக்குப் பாறை என்று பெயர். அவன்தான் நோட்டுவின் ஜோடி.

வியாழக்கிழமை, செருப்பு அடுக்கும் பலகையருகே அவன் காத்திருந்தான்.

“நோட்டு, ஒரு அதிசயம் காட்டட்டுமா?”

“என்னடா?”

“ஒரு மாசமா வீட்டுக் கதவு நிலையில கையை இடிச்சுக்கிட்டு இருக்கேன். தினம் நூறு. இப்ப சுத்தமா வலிக்கறதே இல்லை. வேணும்னா சோதிச்சுப் பாரு.”

முழுக்கைச் சட்டையோடு கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டான். அவள் மூடிய பேனாவை அவன் மணிக்கட்டுக்கு மேலே வைத்து அழுத்தினாள்.

“எங்க தொடறேன்னு சொல்லு.”

“முதல்ல தொடு. அப்புறம் சொல்றேன்.”

பேனா இன்னும் அங்கேயேதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். வேறோர் இடத்தில் வைத்தாள்.

“சீக்கிரம், நோட்டு. மாஸ்டர் விசில் அடிச்சிடுவார்.”

அவள் சட்டைக் கையைச் சுருட்டினாள். முன்கை முழுவதும் மை கொட்டியது போல நீலம் பாரித்து வீங்கியிருந்தது.

“மாஸ்டர்கிட்ட காட்டணும்டா.”

“காட்டினா சனிக்கிழமை பெல்ட் தேர்வுக்கு விட மாட்டார். நீ வாயைத் திறந்தே, அப்புறம் உன்கிட்ட பேசவே மாட்டேன்.”

விசில் ஒலித்தது. அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினான்.

“இன்னைக்கு முப்பது” என்றார் மாஸ்டர். “ஒண்ணு.”

பாறை கையை நீட்டினான். அவள் கை பாதி தூரம் போய் நின்றது. பிறகு கீழே இறங்கி, அவள் தொடையில் இரண்டு முறை தட்டியது.

“அடிகூட விழலை” என்று யாரோ சொன்னார்கள். “இது பஞ்சு இல்லை, பஞ்சு மிட்டாய்.”

கூடம் சிரித்தது. பஞ்சு மட்டும் சிரிக்கவில்லை. மாஸ்டர் அருகே வந்தார்.

“என்னம்மா, எங்க வலிக்குது?”

“இங்க, மாஸ்டர்” என்று அவள் பாறையின் கையைக் காட்டினாள். “அவனுக்குத்தான் தெரியலை.”

மாஸ்டர் அந்தச் சட்டைக் கையை மெதுவாகச் சுருட்டினார். சிரிப்பு அப்படியே அடங்கிப்போனது. பலகையை ஒரே குத்தில் உடைக்கிற மனிதர், பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“எத்தனை நாளா?” என்றார்.

“ஒரு மாசம். வலிக்கக் கூடாதுன்னு...”

“வலிச்சா தட்டுன்னுதானே சொன்னேன்?”

“தட்டினா பேர் வெச்சிடுவாங்க, மாஸ்டர்.”

அவர் எல்லோரையும் பார்த்தார். அன்றைய வகுப்பு அதோடு முடிந்தது.

மாஸ்டரும் பாறையின் அம்மாவும் அவனை டாக்டரிடம் அழைத்துப்போனார்கள். நோட்டுவும் தொற்றிக்கொண்டாள். டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்.

“எலும்பு தப்பிச்சது. வீக்கம் நரம்பை அழுத்துது, அதான் மரத்துப்போச்சு. வீக்கம் வடிஞ்சா உணர்ச்சி வந்துடும். இன்னும் ஒரு வாரம் இடிச்சிருந்தா நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.”

அம்மா அழுதாள். பாறை தன் கையை யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்தில் மாட்டிய துணித் தூளியில் கட்டிய கையோடு வெளியே வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“உன்கிட்ட நான் பேசலை.”

“பேச வேணாம்” என்றாள் அவள். “காலையில ஸ்கூல் பையை மட்டும் கொடு.”

கொஞ்ச தூரம் போனதும் திரும்பினான். “என் பை கனம். உன்னால முடியாது.”

“முடியலைன்னா சொல்றேன்.”

வீட்டுக்கு வந்ததும் நோட்டைத் திறந்தாள். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. கடைசியில் இரண்டே வரி எழுதினாள்:

நாளை காலை ஏழேமுக்காலுக்குப் பாறை வீட்டு வாசலில் நிற்க வேண்டும். தூக்க வேண்டியவை இரண்டு பைகள்.