கேட்காமல் மொண்ட தண்ணீர்

என்ஜின் சூடேறினால் எண்ணெய் இளகும், அழுத்தம் இறங்கும். பழைய லோரி ஓட்டும் எவருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் செமோர் பட்டணத்தைத் தாண்டி, மூடிப்போன ரப்பர் தோட்டத்துச் செம்மண் பாதையில் திரும்பியதிலிருந்து ரூபனின் லோரியில் சூடு காட்டும் ஊசியும் எண்ணெய் அழுத்த ஊசியும் சேர்ந்தே ஏறிக்கொண்டிருந்தன.

"மச்சான், சீட்டுக்கு அடியில கொதிக்குதுலா. என்னை அவிச்சுத் திங்கப் போறியா?" என்றாள் அவன் மனைவி துளசி.

"உன்ன யாரு திம்பா? இரு, தண்ணி ஊத்துவோம்."

அவன் நிறுத்திய இடத்தில் ஒரு முனியாண்டி சிலை நின்றது. ஆளே இல்லாத தோட்டம், மழையே பெய்யாத மாதம். ஆனாலும் சிலைக்கு முன்னிருந்த சிமெண்டுத் தொட்டியில் விளிம்புவரை தண்ணீர், கறுப்பாக, அசையாமல்.

"ஏதாச்சும் வெச்சுட்டு எடுக்கணும் மச்சான். ஒரு சுருட்டாவது."

"திரும்பி வர்றப்ப வெக்கலாம். பொழுது சாயுது, மொண்டு குடு."

துளசி முழங்கை நனைய வாளியில் மொண்டாள். ஆவி அடங்கியபின் ரூபன் ஈரச்சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஊற்றினான். வாளி வாளியாய் உள்ளே போனது. நிறையவில்லை, கீழே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. கருகிய எண்ணெய் வாசனைக்கு அடியிலிருந்து, கிடா வெட்டிய இடத்து வாடை மெல்ல எழுந்தது.

துளசி ஏறி உட்கார்ந்தாள்.

"மச்சான், இந்த ஊசி ஏன் ஆடுது?"

எண்ணெய் ஊசி. ஏறியது. இறங்கியது. ஏறியது. சாவி ரூபனின் கையில் இருந்தது. என்ஜின் ஓடாமல் அழுத்தம் வராது.

"கையெல்லாம் சில்லுன்னு இருக்கு மச்சான்..."

இறக்கிவிட அவள் மணிக்கட்டைப் பிடித்தான். விரலடியில் நாடி. ஏறியது. இறங்கியது. ஊசியோடு ஒன்றாக.

எடுத்த தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். வாளியோடு லோரிக்கு அடியில் ஊர்ந்தான். ரேடியேட்டரின் வடிகுழாயைத் திருகினான். துருப்பிடித்த திருகு கையோடு முறிந்து வந்தது.

கொட்டியது சிவப்பாக இருந்தது. துருத் தண்ணீர் என்று நினைத்தான்.

கொழகொழப்பு. உடம்புச் சூடு.

"மச்சான்," மேலிருந்து குரல் தேய்ந்தது. "கண்ணு இருட்டுது."

ரூபன் கட்டைவிரலால் ஓட்டையை அடைத்தான். விரல் நுனியில் அது துடித்தது. விரலை எடுக்க முடியவில்லை. கத்தினான், பாதையில் யாருமில்லை. மணிக்கட்டு வழியே வெதுவெதுப்பாக ஒழுகிக்கொண்டே இருந்தது.

துடித்தது.

வெகுநேரம் கழித்து, இன்னொரு முறை.

அவன் விரலை இன்னும் அழுத்தினான்.