தையல் ஆறும் வரை

பளார்!

டவுன் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ரமணாசிரமம் நிறுத்தத்தில் இறங்கப் படிக்கட்டருகே முண்டியடித்த கூட்டத்தில் ஒருவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு விழித்தான். அறைந்தவள் இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே இறுக்கிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி நின்றாள். பெரிய, கறுத்த, நீண்ட இமைகள் கொண்ட கண்கள்... அவற்றில் நீர் தளும்பியது. ஆனால் அது அழுகை இல்லை. ஆத்திரம்.

"இடிக்கறதுக்குன்னே பஸ் ஏறுவீங்களா?"

"ஏம்மா, டிரைவர் பிரேக் போட்டாரு. தோள்ல மைதா மூட்டை இருக்கறது கண்ணுக்குத் தெரியல? மூட்டைதான் பட்டுது, நான் இடிக்கல!"

"எது பட்டா என்ன? வலிச்சது எனக்குத்தானே!"

"அப்போ மூட்டையை அறைஞ்சிருக்கணும்!"

யாரோ சிரித்தார்கள். ஆதிலட்சுமிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவனை அறைந்ததில் அவனைவிட அவளுக்குத்தான் அதிகம் வலித்தது. கையை உயர்த்தக் கூடாது என்று மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இப்போது ரவிக்கைக்குள், கட்டுக்குள், தையல் போட்ட இடம் சுண்டிச் சுண்டி இழுத்தது.

இறங்கினாள். ஐப்பசித் தூறல். மலையின் பாதியை மேகம் விழுங்கியிருந்தது. பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு அவள் நடக்க... பின்னால் செருப்புச் சத்தம்.

"பின்னாடியே வேற வர்றீங்களா?"

"என் கடை இந்தப் பக்கம்தான் இருக்குது. நீங்க கோவமா இருக்கீங்கன்னு நான் செங்கத்துக்கா நடந்து போறது?"

கடைசியில் இருவரும் ஒரே வாசலில் போய் நின்றார்கள். கீழே அவனுடைய பேக்கரி. மாடியில் அவள் தோழி சரோஜாவின் வாடகை அறை.

அவன் பெயர் வேடியப்பன்.

*

சரோஜா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதி. கதவைச் சாத்தியதும் கேட்டாள்.

"ஏன்டி இப்படிப் பண்ணிக்கிட்டே?"

"தெரியல" என்றாள் ஆதிலட்சுமி. தெரியும். சொல்லத்தான் பிடிக்கவில்லை.

வேலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் அவள். பள்ளியில் பெண்கள் அவளைப் 'பலகை' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் சிரித்துவைப்பாள். பெண் பார்க்க வந்த இரண்டு இடங்கள் காரணம் சொல்லாமல் நழுவின. அப்புறம் வந்தான் ராமதாஸ். பம்பாயில் பெரிய கம்பெனி, மழுமழுவென்ற முகம், இனிமையான பேச்சு. நிச்சயதார்த்தம் முடிந்த அடுத்த வாரமே ஒரு ஓட்டலில் காபி ஆறிக்கொண்டிருக்கும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"எல்லாம் சரியா இருக்கு ஆதி... அது ஒண்ணுதான் கம்மி. பம்பாய்ல இப்பல்லாம் ஆபரேஷன் பண்ணி வெச்சுக்கறாங்க. மெட்ராஸ்லயே ஒரு டாக்டர் இருக்காரு. செலவு என்னுது."

அந்த நிமிடமே எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. கண்ணாடி முன்னால் நின்று, புடவைத் தலைப்பை இழுத்து இழுத்துப் பார்த்த எத்தனையோ மாலைகள் அவளுக்கு நினைவு வந்தன. தலையாட்டிவிட்டாள். வீட்டில் டிரெயினிங் என்று பொய் சொன்னாள். படுத்தாள். மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது நெஞ்சின்மேல் யாரோ இரண்டு கருங்கல்லை வைத்துக் கட்டியதுபோல் இருந்தது.

இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. தலை பின்ன முடியவில்லை, சரோஜாதான் பின்னிவிடுகிறாள். தும்மினால் உயிர் போகிறது. விரலால் தொட்டால் ஒரு இடத்தில் உணர்ச்சியே இல்லை... வேறு யாருடையதையோ தொடுவதுபோல். குனிந்தால் தன் பாதம் தெரிவதற்கு முன்னால் அவை தெரிகின்றன. பார்த்த மாத்திரத்தில் எதையாவது எடுத்துச் சுவரில் அடிக்கத் தோன்றுகிறது.

அடித்தாள். சரோஜாவின் பவுடர் டப்பா நசுங்கியது.

"வீக்கம் வடியற வரைக்கும் இப்படித்தான்டி இருக்கும். அழுகை வரும், கோவம் வரும். பொறுத்துக்கோ."

"பொறுத்துக்கோன்னு எவளாச்சும் சொன்னீங்க... டப்பாவோட நிக்க மாட்டேன்!"

*

கீழே முற்றத்தில் அடிபம்பு. மறுநாள் காலையில், ஒரு கையால் அடித்துப் பார்த்தாள். பம்பு முனகியதே தவிர தண்ணீர் வரவில்லை. மறுகையை உயர்த்தப் போனவள் "ஸ்..." என்று சுருண்டாள்.

பக்கத்தில் ஒரு கை வந்து கைப்பிடியைப் பிடித்தது. மாவு படிந்த கை. குடம் நிறைந்தது.

"நான் கேட்டேனா?" என்று சீறினாள்.

"கேக்கல. பின்னாடி நான் நிக்கறேன். நீங்க நகர்ற மாதிரி தெரியல. எனக்கு மாவு பிசையணும்."

"பெரிய உபகாரம்!"

"அறைஞ்சதுக்கு ஒரு சாரி சொன்னா கணக்கு தீந்துடும்."

"முதல்ல நீங்க சொல்லுங்க."

"நான் யாருகிட்டேயும் சொன்னதில்ல" என்றான் வேடியப்பன். குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினான். திரும்பி இறங்கும்போது ஒரு கணம்... ஒரே ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தான். முகத்தை மட்டும். அது அவளுக்குத் தெரிந்தது. இந்தச் சில நாட்களில், அடுத்தவர் பார்வை எங்கே விழுகிறது என்று கவனிப்பதே அவளுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

'அதுக்காக இவன் நல்லவனாயிட மாட்டான்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் மறுநாள் பம்படிக்கு வரும்போது தலைமுடியைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு வந்தாள். அதற்காகவும் தன்மேல் கோபப்பட்டாள்.

தினமும் சண்டை. ரொட்டி கருகிய வாசனை மாடிக்கு வருகிறது என்று அவள். மாடியில் சாமான் விழுகிற சத்தத்தில் கேக் அமுங்கிப்போகிறது என்று அவன். ஒருநாள் அவன் அனுப்பிய சூடான பன்னைத் திருப்பி அனுப்பினாள். மறுநாள் அவன் அனுப்பவில்லை. அன்றைக்கு முழுக்க அவளுக்கு எரிச்சல்.

*

சரோஜா டியூட்டிக்குப் போயிருந்த ஒரு காலையில் ஆதிலட்சுமிக்குக் காய்ச்சல் கொதித்தது. இடப்பக்கக் கட்டு ஈரமாகியிருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கினாள். கடைசிப் படியில் கால் தடுமாறியபோது, அடுப்படியிலிருந்து அவன் ஓடி வந்தான்.

"தொடாதீங்க!"

"தொடல. படியிலயே உக்காருங்க. வண்டி கூட்டியாறேன்."

குதிரை வண்டியில் அவளை ஏற்றி, தான் வண்டிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். டவுனில் லேடி டாக்டரின் கிளினிக் வாசலில் அவன் மழையில் நின்றான். உள்ளே டாக்டரம்மா தையலைச் சுத்தம் செய்து, ஊசி போட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தாள்.

"பயப்படாத. சின்ன சீழ்தான், மருந்துல அடங்கிடும். அடங்கலன்னா உடனே மெட்ராஸ் போயிடணும்."

"இதை எடுத்துட முடியுமா டாக்டர்?"

"முடியும். ஆனா இப்ப முடிவு பண்ணாத. ஆபரேஷன் ஆன புதுசுல நிறைய பேரு இப்படித்தான் நொந்துபோறாங்க. உடம்பு ஆறட்டும். தை பொறக்கட்டும். அப்பவும் வேணாம்னு தோணுச்சுன்னா எடுத்துடலாம். வேணும்னாலும் தப்பில்ல."

வண்டி திரும்பியது. கித்தான் கூரையில் மழை பட்டுப் பட்டென்று விழுந்தது. நனைந்து நடுங்கும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும்போல் வந்தது. அவனையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். சொன்னாள். வண்டிக்காரனுக்குக் கேட்காத குரலில், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் கடித்துத் துப்புவதுபோல்... பலகை என்ற பட்டப்பெயர், ஓட்டல் காபி, ராமதாஸ், கருங்கல்.

"இப்ப சிரிங்க" என்று முடித்தாள்.

வேடியப்பன் சிரிக்கவில்லை. அவன் காது மடல் சிவந்திருந்தது.

"எனக்குக் கோவம் கோவமா வருது" என்றான்.

"யாரு மேல?"

"அவன் மேல ஜாஸ்தி. உங்க மேல கொஞ்சம்." பிறகு அவசரமாக, "எடுத்துடுங்க. எவனோ ஒருத்தனுக்காக எதுக்கு இந்த அவஸ்தை? நாளைக்கே மெட்ராஸ் போலாம், நானே கூட்டிட்டுப் போறேன். எடுத்துப் போட்டுடுங்க" என்றான்.

அவ்வளவுதான்.

"வண்டியை நிறுத்துங்க!"

"என்னங்க..."

"போட்டுக்கோன்னு சொல்ல ஒருத்தன். எடுத்துடுன்னு சொல்ல இன்னொருத்தன். நடுவுல நான் எதுக்கு? என் உடம்பு என்ன உங்க கடை ஷோகேஸா? இதை வை, அதை எடுன்னு!"

"நான் நல்லதுக்குத்தான்..."

"அவனும் நல்லதுக்குத்தான் சொன்னான்!"

இறங்கிவிட்டாள். கொட்டுகிற மழையில், கையால் நெஞ்சைத் தாங்கிக்கொண்டு மீதித் தூரத்தை நடந்தாள். வண்டி அவளுக்குப் பின்னால் நடைவேகத்திலேயே வந்தது. அவள் திரும்பவில்லை. அவனும் கூப்பிடவில்லை.

*

அதற்கப்புறம் பம்படியில் பேச்சு இல்லை. குடம் மட்டும் நிறைந்து வாசலில் இருந்தது. காய்ச்சல் விட்டது. வலி கொஞ்சம் இறங்கியது. கோபம் இறங்கவில்லை. ஒரு பக்கம் அவன்மேல் கோபம்... இன்னொரு பக்கம் அவன் சண்டைக்கு வராததில் கோபம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கார் வந்து நின்றது. ராமதாஸ். கையில் பழக்கூடை. சரோஜா அவனை உள்ளே அழைத்து, நாற்காலி போட்டுவிட்டு, காபி வைக்கப் போனாள்.

அவன் ஆதிலட்சுமியைப் பார்த்தான். முகத்தை அல்ல. முதலில் அங்கே. பார்த்து, தலையைச் சாய்த்து, இன்னொரு தரம் பார்த்தான்.

"பரவால்லையே... நல்லாத்தான் பண்ணியிருக்காரு. இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா தெரியுது இல்ல?"

"அது வீக்கம். காய்ச்சல்ல கிடந்தேன்."

"ஓ... கல்யாணத்துக்குள்ள சரியாயிடுமா?"

உடம்பு எப்படி இருக்கிறது என்று இன்னும் அவன் கேட்கவில்லை. அவள் காத்திருந்தாள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

ஆதிலட்சுமி மோதிரத்தைக் கழற்றினாள். வீங்கியிருந்த விரலிலிருந்து அது சுலபமாக வரவில்லை. திருகி, இழுத்து, பழக்கூடைமேல் வைத்தாள்.

"எடுத்துட்டுக் கிளம்புங்க."

"என்ன விளையாடறியா? நான் என்ன உன்னைக் கட்டாயப்படுத்தினேனா? நீயும் ஆசைப்பட்டுத்தானே பண்ணிக்கிட்ட?"

அந்தச் சொல் தைத்தது. ஏனென்றால் அது பொய்யில்லை.

"ஆமா, ஆசைப்பட்டேன்" என்றாள். "யாருமே என்னைக் கம்மின்னு சொல்லக் கூடாதுன்னு ஆசைப்பட்டேன். அது என் தப்பு, அதை நான் பாத்துக்கறேன். ஆனா இவ்ளோ வலியைத் தாங்கிட்டு வந்து உக்காந்திருக்கேன்... உங்க கண்ணுக்கு இன்னும் ஜாஸ்தி, கம்மிதான் தெரியுது. நாளைக்கு என் மூக்கு பிடிக்காது, அப்புறம் குரல் பிடிக்காது. போதும். போங்க!"

"உங்கப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லுவேன்."

"நானே சொல்லிக்கறேன். வழியை விடுங்க" என்று அவனுக்காக அவளே கதவை அகலத் திறந்தாள்.

கார் புறப்பட்டுப் போனது. சரோஜா காபி டம்ளரோடு திகைத்து நின்றாள். ஆதிலட்சுமி மொட்டைமாடிக்கு ஏறிப்போய், யாருமில்லாத இடத்தில் வாய்விட்டு அழுதாள். தையல் வலிக்க வலிக்க அழுதாள்.

*

அன்று சாயங்காலம் மழை ஓய்ந்து, மலை முழுசாகத் தெரிந்தது. அவள் இன்னும் மொட்டைமாடியிலேயே இருந்தாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வேடியப்பன் மூன்றடி தள்ளியே நின்றான்.

"மன்னிச்சிடுங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எதுக்கு? மூட்டை பட்டதுக்கா?"

"அது டிரைவர் தப்பு. இது... எடுத்துடுங்கன்னு சொன்னதுக்கு. அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. நாலு நாளா அதே நெனப்பு. உப்புப் போட மறந்து ரெண்டு ஈடு ரொட்டி வீணாப்போச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வலித்தது. "சிரிக்க வெக்காதீங்க" என்று எரிந்து விழுந்தாள்.

"தை மாசம் என்ன முடிவு பண்ணாலும் அது உங்களோடது. நான் கேக்கக்கூட மாட்டேன்."

"வெச்சுக்கிட்டேன்னா?"

"உங்க இஷ்டம்."

"எடுத்துட்டா தழும்பு இருக்கும். முன்னைவிட மோசமாக்கூட இருக்கலாம்."

"இஷ்டம்னு ஒரு தடவை சொன்னா விட மாட்டீங்களா?" என்றான் அவன், பழைய சிடுசிடுப்போடு. அந்தச் சிடுசிடுப்பு அவளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது! "நான் பாத்தது உங்க கண்ணைத்தாங்க. அறைஞ்சுட்டு நின்னீங்களே, அப்ப. கன்னம் எரியுது, மூட்டை நழுவுது... என்னடா இது, இந்தப் பொண்ணு யாரு மேலயோ வெச்சிருக்கற கோவம் நம்ம கன்னத்துல விழுந்துடுச்சேன்னு நெனச்சேன். அன்னையில இருந்து அது யாருன்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. தெரிஞ்சப்போ... உங்களை விட்டுட்டு இருக்க முடியாதுன்னும் தெரிஞ்சுடுச்சு."

காற்று ஈரமாக வீசியது. அவள் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நாளைக்கு வேலூர் போறேன். அப்பாகிட்டயும் அம்மாகிட்டயும் உண்மையைச் சொல்லணும். கத்துவாங்க. நானும் கத்துவேன்."

"பஸ்ஸுல கூட்டம் இருக்குமே. யாராச்சும் இடிச்சுடுவாங்க. நான் முன்னாடி நின்னுக்கறேன்... வரலாம்னா."

ஆதிலட்சுமி அவனைப் பார்த்தாள். அந்தப் பெரிய கண்களில் மறுபடியும் நீர் தளும்பியது.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு" என்றாள் வெடுக்கென்று. "அதுக்கும் கோவமாத்தான் வருது. உடம்பு இப்படிக் கிடக்கறப்பவா இது வரணும்? நிம்மதியா வெக்கப்படக்கூட முடியல..."

வேடியப்பன் மூன்றடியில் ஓரடியைக் குறைத்துக்கொண்டு, அவள் பக்கத்தில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான். அவள் நகரவில்லை.