நாற்பது மீட்டர் ஆறு

செவ்வாயின் குமிழூரில் திருமணமாகி இருபது ஆண்டு நிறைந்தால், வீட்டுக்குப் பின்னால் நாற்பது மீட்டருக்கு ஒரு நிலக்காட்சி இலவசம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பனிமலை வாங்கினார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் கடற்கரை வாங்கிவிட்டு, அலைச்சத்தத்தில் தூக்கம் போகிறது என்று மனுக் கொடுத்திருக்கிறார்கள். நிபந்தனை ஒன்றுதான்: கேட்பவர் காட்சியைத் தன் கையால் தீட்டித் தரவேண்டும். புகைப்படத்தை ஏற்றால் எல்லோரும் ஒரே அருவியைக் கேட்கிறார்களாம். ஓவியத்தைப் படித்து, அதை நிலமும் நீருமாக வளர்த்துத் தரும் இயந்திரத்துக்குக் காட்சிப்பொறி என்று பெயர்.

திருமாறன் செவ்வாயிலேயே பிறந்தவன், ஆற்றைப் பார்த்ததில்லை. அவன் மனைவி வடிவு பத்தொன்பது வயதில் பூமியிலிருந்து, நெல்லைச் சீமையிலிருந்து வந்தவள். ஊர் நினைப்பில் ஆறு மாதமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமைக் கப்பலில் திரும்பிப் போகப் பெயர் கொடுத்துவிட்டாள். போனால் வரமுடியாது. அவளை நிறுத்த அவனிடம் மிச்சமிருந்தது அந்த நாற்பது மீட்டர் மட்டுமே.

வரையவும் வராது அவனுக்கு. ஆவணக்காப்பகத்தைக் குடைந்து, போஸ்ட் இம்ப்ரஷனிஸ்ட் என்ற பழைய பூமிப் பாணியைக் கண்டுபிடித்தான். கண்ணில் பட்ட நிறத்தை விட்டுவிட்டு மனசுக்குப் பட்ட நிறத்தைத் தடிமனாக அப்பலாம். தூரிகைத் தடத்தை மறைக்க வேண்டாம். கை கோணினால் அதற்கும் பாணி என்றுதான் பெயர். இவ்வளவு இரக்கமுள்ள கலையை மனிதகுலம் வேறு கண்டதில்லை.

"தண்ணி என்னங்க, கத்திரிக்கா கலர்ல இருக்கு?" என்றாள் வடிவு, எண்ணெய்ச் சாயத்தின் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு.

"சாயங்கால வெளிச்சம். நீதானே சொன்ன, தண்ணி மேல வெயில் துண்டு துண்டா மிதக்கும்னு?"

"சொன்னேன், சொன்னேன். இந்தக் கறுப்புக் கோடு?"

"பனைமரம்."

"பனையா அது? பாவம்." சொல்லிவிட்டுப் பெட்டியில் சேலையை அடுக்கப் போய்விட்டாள்.

ஓவியத்தைக் காட்சிப்பொறியிடம் கொடுத்தான்; வியாழக்கிழமை காலை வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த திரை விலகியது.

காட்சிப்பொறி கடமை தவறாதது. ஓவியத்தில் புரியாத இடங்களையெல்லாம் இருபத்தோராம் நூற்றாண்டு ஆறுகளின் படங்களோடு ஒப்பிட்டுத் தெளிந்திருந்தது. ஊதாத் தண்ணீரைச் சாயப்பட்டறைக் கழிவு என்று முடிவுகட்டியது. வெயில் துண்டுகள் வெள்ளையும் மஞ்சளும் ரோஸுமாகப் பாலிதீன் பைகளாகி மிதந்தன. கரையோரம் அவன் அப்பிய வெள்ளை, நுரையாகப் பொங்கியது. பனைமரத்தின் இடத்தில், ஆற்றுப் பக்கம் திரும்பி ஒரு மனிதப் பொம்மை நின்றது. அது நிற்கும் காரணம் மெல்லிய தாரையாக ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது.

"மன்னிச்சிரு வடிவு. பாழாக்கிட்டேன்."

அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எட்டிப் பார்த்தான். இரண்டும்தான்.

"இதாங்க! அச்சு அசல் எங்க ஊரு ஆறு. பாலத்துக்குக் கீழ இப்பிடியேதான் இருக்கும்."

"இருபது வருஷத்துல ஒரு தடவைகூட இதைச் சொல்லலையே?"

"பொறந்த ஊரைப் பத்திக் கட்டிக்கிட்டவர்ட்ட இதையெல்லாமா சொல்லுவாக? அப்புறம் எங்க ஊரை நீங்க மதிப்பீகளா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கப்பல்லருந்து என் பேரை எடுத்துரச் சொல்லுங்க. பசிக்கி."

கரையில் உட்கார்ந்து கடலைமிட்டாய் தின்றாள். தீர்ந்ததும் உறையைக் கசக்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆற்றில் எறிந்தாள். வெட்டிய நகத்தைக்கூட மறுசுழற்சிக்குக் கொடுக்கும் ஊரில் பிறந்தவன் பதறிப்போய் எழுந்தான்.

"விடுங்க. ஆறு கொண்டுபோயிரும்."

குழாய்க்குள் போய்ச் சுற்றிவரும் ஆறு அது. நான்காம் நிமிடம் அந்த உறை மிதந்து வந்து அவள் காலில் ஒட்டிக்கொண்டது.

வடிவு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ம்ஹும்," என்றாள். "இது ஒண்ணுதாங்க எங்க ஊரு மாதிரி இல்ல."