குரல் பிறகு சேர்க்கப்படும்

நடிகை வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. வரக்கூடாது என்றுதான் ஏற்பாடு. ஆனால் டெசிபல் சாரின் கையிலிருந்த ஒலியளக்கும் கருவி முப்பத்தெட்டிலிருந்து எழுபத்தொன்றுக்குத் தாவியது. அவள் வாயை மூடியதும் ஒன்றுமறியாத பிள்ளைபோல் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

அவர் அதை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினார். நகராட்சியின் ஒலிக்கட்டுப்பாட்டு அதிகாரி. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்துபோய்விட்டது. கொசு இரைந்து பறந்தால்கூட நோட்டீஸ் கொடுத்து, இறக்கையில் கையெழுத்து வாங்குகிற ஆள். அவர் தெருமுனையில் திரும்பினாலே நாய்கள் குரைப்பை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும் என்பார்கள் அலுவலகத்தில். அதில் பாதியாவது உண்மை.

இந்த இரவு வேலையை அவரே கேட்டு வாங்கியிருந்தார். படப்பிடிப்பு அவர் குடியிருக்கும் தெருவில். கடைசி வீட்டு மாடியில் அவர் மனைவியும் பச்சைக்குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டாக்டர்கள் கைவிட்டு, சொந்தக்காரர்கள் கேட்பதையும் விட்டபிறகு வந்த மகள். அவள் தூக்கத்தை ஒரு சினிமா கம்பெனி கலைத்துவிடுமா? நிபந்தனைகளை அவரே எழுதினார். பத்து மணிக்கு மேல் சத்தம் நாற்பத்தைந்து டெசிபலைத் தாண்டக்கூடாது. ஜெனரேட்டர் அடுத்த தெருவில் நிற்க வேண்டும். இயக்குநர் வாயைத் திறக்கக்கூடாது. டார்ச் எரிந்தால் ஆரம்பம், அணைந்தால் முடிவு. காட்சியோ, காணாமல்போன குழந்தையை ஒரு தாய் கூவிக் கூவித் தேடுவது. அதற்கும் ஒரு வரி எழுதினார்: நடிகை வாயை மட்டும் அசைக்கலாம், குரல் பிறகு சேர்க்கப்படும்.

"கருவிக்கு வயசாயிடுச்சோ சார்?" பக்கத்தில் கிசுகிசுத்தார் அனுமதி அண்ணன். படக் கம்பெனிக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறவர். செருப்பைவிட நாக்கு அதிகம் தேய்ந்தவர்.

"போன வாரம்தான் சரிபார்த்தது."

"யாருக்குமே கேக்காத சத்தத்துக்காக ஷூட்டிங்க நிறுத்திடாதீங்க சார். வெளிய சொன்னா என் பொண்டாட்டியே நம்பமாட்டா. ஏற்கெனவே நான் சொல்ற எதையும் நம்பறதில்ல, அது வேற."

ஒலிப்பதிவு செய்யும் பெண் ஹெட்ஃபோனைக் கழற்றாமலே உதட்டைப் பிதுக்கினாள். "அந்த அக்கா செருப்பு தேயுறது மட்டும்தான் சார் கேக்குது."

டெசிபல் சார் பேட்டரியை மாற்றினார். சற்றுமுன் பெய்த தூறலில் தார்ச்சாலை பழைய ரப்பர்போல் நாறிக்கொண்டிருந்தது. விளக்குகளின் சூட்டில் விட்டில்கள் கருகி உதிர, அவற்றின் நிழல்கள் மட்டும் ஆள் உயரத்துக்குப் பெரிதாகி, பூட்டிய ஜன்னல்களின்மேல் ஒவ்வொரு வீடாகத் தடவிக்கொண்டு போயின. டார்ச் எரிந்தது. நடிகை நடந்து வந்தாள். எழுபத்துநான்கு. டார்ச் அணைந்தது.

எண் இறங்கவில்லை.

நடிகை நேராக அவரிடம் வந்தாள். "சார், இந்தத் தடவை நான் வாயத் திறக்கவே இல்ல. வசனம் மறந்துடுச்சு. அப்பவும் ஏறிச்சா?"

"ஏறிச்சும்மா."

அவள் பிடரியைத் தடவிக்கொண்டாள். "எனக்குப் பின்னாடி யாராவது நடந்து வந்தாங்களா?"

"யாருமில்லையே."

"மூச்சு பட்டுச்சு சார்."

நிறுத்தச் சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் என்ன காரணம் சொல்வது? மௌனம் அளவு மீறியது என்றா? ஓய்வு பெறும் நாள்வரை டீ கொண்டுவருகிறவர்கூடச் சிரிப்பார். அவர் யோசித்து முடிப்பதற்குள் ஒலிப்பதிவுப் பெண் கையைத் தூக்கிவிட்டாள். சினிமாக்காரர்களிடம் ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு: காட்சி முடிந்ததும் அந்த இடத்தின் வெறும் நிசப்தத்தைக் கொஞ்ச நேரம் தனியாகப் பிடித்துக்கொள்வார்கள், பின்னால் சேர்க்கும் குரலுக்கு அடியில் விரிக்க. அதுவரை யாரும் கால் மாற்றக்கூடாது. மூச்சைக்கூடத் தவணையில்தான் விடவேண்டும்.

தெருவே நட்டுவைத்த கம்பங்களாக நின்றது. அவரும் நின்றார்.

எழுபத்துநான்கு. அறுபத்தெட்டு. அறுபது. அப்பாடா என்றிருந்தது. தொலைகிறது, போகட்டும். மணிக்கட்டை மெல்லத் தெருமுனைப் பக்கம் திருப்பிப் பார்த்தார், இன்னும் இறங்கியது. மறுபக்கம் திருப்பினார்.

ஏறியது.

ஏறி, நின்று, மறுபடி ஏறியது. நடுவில் ஓர் இடைவெளி. கூப்பிட்டுவிட்டுக் காதுகொடுத்துக் கேட்கிறவர்கள் விடும் இடைவெளி. கருவியை நீட்டிய பக்கத்தில், முதல் வீட்டு வாசலில் ஒரு முறை. பதில் இல்லை. அடுத்த வாசல். அதற்கடுத்தது. ஒவ்வொரு கதவாக, பொறுமையாக, தெருவின் கடைசியை நோக்கி.

இந்தத் தெருவில் கைக்குழந்தை உள்ள வீடு ஒன்றுதான்.

அவர் கால் நகர்ந்தது. ஈரச் சரளை நொறுங்கியது. அத்தனை பேரும் கண்ணை மட்டும் உருட்டி அவரை முறைத்தார்கள். அவர் ஓடினார். தெருவில் சத்தம் போட்டதற்காக வாழ்நாளில் முதல்முறையாக அவருக்கு வெட்கமில்லை.

கம்பிக்கதவு பூட்டியபடி இருந்தது. எழுபது. பூட்டைத் திறந்தார். கூடம். பால் புளித்த வாசனை, பவுடர் வாசனை. மாடிப்படி. எழுபத்தெட்டு. எண்பது. காதுக்குள் சுத்தமாக ஒன்றுமில்லை. எண்பத்துநான்கு. தன் காலடி தனக்கே கேட்கவில்லை.

அறைக்கதவைத் தள்ளினார்.

எண் சட்டென்று விழுந்தது. நாற்பது.

கூப்பிடுவது நின்றுவிட்டது.

தேடுகிறவள் எப்போது நிறுத்துவாள் என்று நினைக்க மனம் மறுத்தது. மனைவி சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். மகள் விழித்திருந்தாள். அழவில்லை. அவரைப் பார்க்கவுமில்லை. அவருக்கும் தொட்டிலுக்கும் நடுவிலிருந்த காலி இடத்தைப் பார்த்து, பொக்கை வாயால் சிரித்தாள்.

கருவியில் நாற்பது. நாற்பத்திரண்டு. நாற்பது. நாற்பத்திரண்டு. அசைந்து, அசைந்து. தாலாட்டு. அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்.

ஏம்மா, எந்திரி என்றார் மனைவியிடம். உதடு அசைந்தது. அவ்வளவுதான்.

மகள் இரண்டு கைகளையும் தூக்கினாள். முதுகு மெத்தையை விட்டுப் பிரிந்தது. போர்வை நழுவித் தொங்கியது. ஒரு சாண். இரண்டு சாண். கழுத்து இன்னும் நிற்காத பிள்ளை. தூக்குகிறவர்கள் கை கொடுத்துத் தாங்காவிட்டால் தலை பின்னால் சாய்ந்துவிடும்.

சாயவில்லை. தலைக்குப் பின்னால், அந்தப் பூனைமுடி, நான்கு விரல் பதிந்த தினுசில் அழுந்தியிருந்தது.