ஆளில்லாத வீட்டில் எரிந்த விளக்கு

செல்லங்களா, எல்லாரும் சௌக்கியமா? சளி, இருமல் என்று யாரும் படுத்துவிடவில்லையே? இருமலைப் பற்றி ஏன் கேட்கிறேன் தெரியுமா? இந்தக் கதையே ஓர் இருமலில்தான் தொடங்குகிறது.

நாலு பக்கமும் கடல். நடுவில் கைக்குட்டையை விரித்துப் போட்டது போல ஒரு சின்னத் தீவு. வெகு காலமாக அந்தத் தீவுக்கு மின்சாரம் கொடுத்தது ஒரு டீசல் ஜெனரேட்டர். ஊரில் அதை 'மோட்டார்' என்றுதான் சொல்வார்கள். அதை ஓட்டியவர் வாலுவின் அப்பா. வாலு என்பது அவளுடைய பட்டப்பெயர். ஓர் இடத்தில் சும்மா உட்காராத பெண்ணுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

பொழுது சாய்ந்ததும் அப்பா மோட்டாரை ஓட்டுவார். ஊரெல்லாம் வெளிச்சம் வரும். தூங்குகிற நேரத்தில், மோட்டார் அறை வாசலில் தொங்கும் பழைய நங்கூரத்தைச் சுத்தியலால் 'டங் டங்' என்று அடிப்பார். 'பாயை விரியுங்கள், நிறுத்தப் போகிறேன்' என்று அர்த்தம். பிறகு ஒரு பிடியை இழுப்பார். ஒரே இழுப்பு! தீவே இருண்டுவிடும்.

அந்த அறையின் புகை சுவரில் கரியாகப் படிந்தது. அப்பாவின் நெஞ்சிலும் படிந்தது. படுத்தால் அவருக்கு மூச்சு வராது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவார்.

"இன்னொரு மழைக்காலம் அந்தப் புகையில நின்னார்னா, அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா" என்று நர்ஸ் ஒருநாள் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்ற வாலுவுக்கு அது கேட்டுவிட்டது.

அதனால், படகில் சோலார் பலகைகள் வந்து இறங்கியபோது, அவளைப் போல மகிழ்ந்தவர் யாருமில்லை. வந்தவர்கள் பலகைகளைப் பொருத்தினார்கள். பெரிய பெரிய பேட்டரிகளை வைத்தார்கள். "இனிமே ராத்திரி பகல் எப்பவும் கரண்ட் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் படகேறிப் போனார்கள்.

கூடவே கரண்டில் ஓடும் ஒரு பெரிய ஐஸ்பெட்டியும் வந்தது. ஊரில் பிடிக்கிற மீனெல்லாம் அதில்தான். அதைப் பார்த்துக்கொண்டவருக்கு அன்றிலிருந்து 'ஐஸ்பெட்டி அத்தை' என்றே பெயர். வெளியூரிலிருந்து படகில் ஐஸ் வாங்குவதை ஊரார் நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் என்ன ஆயிற்று? இருட்டிக் கொஞ்ச நேரத்திலேயே கரண்ட் போய்விடும். வெயில் ஏறும் வரை வராது. தினமும் இதே கதை. ஐஸ் உருகியது. மீன் நாறியது. கூடை கூடையாகக் கடலிலேயே கொட்டினார்கள்.

படகுத்துறையில் ஊர் கூடியது.

"அந்தப் பலகையில முகம் பாத்துத் தலை சீவலாம். வேற எதுக்கும் ஆகாது!" என்று கத்தினார் ஐஸ்பெட்டி அத்தை.

ஊர்த் தலைவர் அப்பாவிடம் திரும்பினார். "நாளைக்குச் சாயங்காலம் மோட்டாரை எடுத்துடு, தம்பி. ஐஸ்பெட்டிக்காக விடிய விடிய ஓட்டணும். உன்னை விட்டா அதோட குணம் யாருக்குத் தெரியும்?"

அப்பா நெடுநேரம் இருமினார். பிறகு, "சரிண்ணே" என்றார்.

"வேணாம்னு சொல்லுப்பா!" வாலு அவருடைய கையைப் பிடித்து இழுத்தாள்.

"மீன் கெட்டா ஊரே பட்டினி, குட்டிம்மா. நான் எப்படி வேணாம்னு சொல்றது?"

மறுநாள் காலையில் வாலு ஒரு காலி வீட்டின் பின்னால் போய் உட்கார்ந்து அழுதாள். ஐஸ்பெட்டி அத்தையின் மகன் குடியிருந்த வீடு அது. பிழைப்புத் தேடி நகரத்துக்குப் போனவன் திரும்பவே இல்லை.

வெயில் ஏறியது. திடீரென்று ஜன்னல் இடுக்கில் மஞ்சள் வெளிச்சம்! எட்டிப் பார்த்தாள். யாருமில்லாத அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

'யார் போட்டது?'

யாரும் போடவில்லை. யாரும் அணைக்கவே இல்லை!

வாலு எழுந்து ஓடினாள். ஆட்டுக் கொட்டகையில் விளக்கு எரிந்தது. பூட்டிய பள்ளிக்கூடத்தில் மின்விசிறி சுற்றியது. ஒரு வீட்டில் டி.வி. பெட்டி காலி நாற்காலிக்குச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. தலைவர் வீட்டில் சுவருக்குப் பெயிண்ட் அடித்தபோது சுவிட்சுகளையும் சேர்த்து அடித்திருந்தார்கள். தட்டிப் பார்த்தாள். அசையவில்லை!

அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்த ஊரில் யாருக்கும் அணைத்துப் பழக்கமே இல்லை. இத்தனை காலமும் எல்லாருக்கும் சேர்த்து அப்பாதான் அணைத்துக்கொண்டிருந்தார். பேட்டரியில் சேர வேண்டிய கரண்டெல்லாம் இப்படித்தான் வீணாகிறது!

தலைவரிடம் சொன்னாள். "ஒரு பல்பு எவ்வளவு தின்னுடப் போகுது? போய் விளையாடு, போ!" என்று அவர் விரட்டிவிட்டார்.

அடுத்து ஐஸ்பெட்டி அத்தையிடம் போனாள். அத்தை மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். வாலு மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

அத்தையின் கை நின்றது. "ஊர்ல எதை வேணும்னாலும் அணை. அந்த வீட்டு விளக்கை மட்டும் தொடாதே."

"ஏன் அத்தை?"

"சாயங்காலம் அது எரியறப்ப, அவன் உள்ள உக்காந்து சாப்பிடற மாதிரி இருக்கும்டி."

வாலு ஒரு துணியை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அத்தையோடு சேர்ந்து பெட்டியைத் தேய்த்தாள்.

"எங்கப்பா உக்காந்துதான் தூங்கறாரு, அத்தை. படுத்தா மூச்சு வரல" என்றாள். பிறகு, "தினமும் சாயங்காலம் நானே போய் அந்த விளக்கைப் போடறேன். ராத்திரி நங்கூரத்தை அடிச்சிட்டு நானே அணைக்கிறேன். மோட்டார் ஓடினப்பவும் அந்த நேரம்தானே எரிஞ்சுது?"

அத்தை ஈரக் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

அதோடு நிற்கவில்லை. நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனார். "இன்னிக்கு ஒரு ராத்திரி மோட்டார் வேணாம்."

"நேத்து நீதானே கத்தினே?"

"நேத்துக் கத்தின அதே வாய்தான் இன்னிக்கும் கத்துது. கேளு!"

பகலிலேயே கண்ணில் பட்ட விளக்குகளையெல்லாம் வாலுவும் அத்தையும் அணைத்தார்கள். இரவு வாலு நங்கூரத்தை அடித்தாள். டங் டங்! பழக்கப்படி எல்லாரும் பாயை விரித்தார்கள். விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன.

"யாரும் வந்து நிறுத்த மாட்டாங்க! நீங்கதான் அணைக்கணும்!" என்று கூவியபடி தெருவில் ஓடினாள் வாலு.

பின்னாலேயே அத்தையின் குரல். "ஏண்டா, ஆட்டுக்கு எதுக்கு மறுபடி லைட்டு? பாடம் படிக்குதா?"

தலைவர் கத்தியால் சுவிட்சின் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஊர் ஒவ்வொரு வீடாக இருண்டது. கடைசியாகக் காலி வீட்டுக்குள் போய், வாலு அந்த விளக்கையும் அணைத்தாள்.

விடிந்ததும் அத்தை ஐஸ்பெட்டியைத் திறந்து விரலால் தட்டினார். டொக்! கல் போல இருந்தது ஐஸ். ஒரு துண்டை உடைத்து வாலுவின் கையில் வைத்தார். தலைவர் போய் மோட்டார் அறையைப் பூட்டினார்.

அப்பாவின் இருமல் போகவில்லை. முழுசாகப் போகாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். இனி கூடாமல் இருந்தால் போதும் என்றார். அத்தையின் மகனும் வரவில்லை. ஆனால் அவனுடைய வீட்டு விளக்கு தினமும் சாயங்காலம் எரிகிறது.

இரவில் வாலு நங்கூரம் அடித்ததும் அப்பா வாசலில் சாய்ந்து உட்கார்ந்து ஊரைப் பார்ப்பார். "நான் ஒரே இழுப்புல முடிச்சிடுவேன். இவங்க பாரு, எவ்வளவு நேரம் எடுத்துக்கறாங்க!" என்று சிரிப்பார், இருமுவார், மறுபடி சிரிப்பார். காலி வீட்டு விளக்கு அணைந்து, வாலு கதவைப் பூட்டும் சத்தம் தெருவில் கேட்ட பிறகுதான் அவர் கண்ணை மூடுவார்.

சரி செல்லங்களா, உங்கள் வீட்டில் ஆளில்லாத அறையில் எது ஓடிக்கொண்டிருந்தது? யார் எழுந்து போய் அணைத்தீர்கள்? யாரிடம் திட்டு வாங்கினீர்கள்? ஒன்று விடாமல் எனக்கு எழுதுங்கள், பார்க்கலாம்!